எந்தக் குளிர் என்று சொல்லும் வரி

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேறு யாரையும் உட்கார வைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைத்ததும் இல்லை. எல்லாம் என் கை. நூலகத்து மாடியில் மாலை வகுப்புக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியுமே, அதன் பலன் இது. வாழ்நாள் முழுக்க மூட்டை தூக்கிய கை பேனாவையும் மூட்டை மாதிரியே பிடிக்கிறது என்று டீச்சர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஒரு கடையை விடுவதில்லை. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்பதைக்கூட வாய்விட்டுப் படித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

உன் அத்தை, "எழுதினது போதும், வந்து சாப்பிடுங்க. பேப்பர் என்ன ஓடியா போகுது?" என்கிறாள். ஓடத்தான் போகிறது, நம்ம மருமகளிடம் என்று சொன்னேன். உடனே அவள் முகம் மாறிவிட்டது. நீ போன் பண்ணி எத்தனை நாள் ஆயிற்று என்று அவளும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வர பயந்துதான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

குளிர்க்கிடங்கில் நடந்தது உனக்குத் தெரியும். உன் கணவன் சொல்லியிருப்பான், அல்லது உங்கள் கம்பெனி சொல்லியிருக்கும். சுருட்டை என்று கூப்பிடுவோமே, அந்தச் சுமை ஆள் பெரிய அறைக்குள் மாட்டிக்கொண்டான். உள் கைப்பிடி பனியில் இறுகிவிட்டது. சுவரில் உங்கள் கம்பெனி பெட்டி இருக்கிறது, சிவப்புப் பொத்தானை அமுக்கினால் வெளியே மணி அடிக்கும். அமுக்கினேன் என்கிறான் அவன். கதவுக்கு வெளியே சூப்பர்வைசர் மேசையில்தான் இருந்தேன், மணி அடிக்கவில்லை என்கிறான் நம் பையன். ஆள் எண்ணிக்கை குறைகிறதே என்று சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்ததும் அவன்தான். அதற்குள் சுருட்டைக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது.

கிடங்குக்காரர்கள் சொல்வது வேறு. குளிரில் மணி கட்டாயம் அடிக்கும் என்று உங்கள் கம்பெனி அறிக்கை கொடுத்திருக்கிறதாம். அப்படியானால் மேசையில் ஆள் இல்லை என்று அர்த்தமாம். அடுத்த மாதம் விசாரணை. அவன் இடத்தில் இல்லை என்று முடிவானால் வேலை மட்டும் போகாது, வழக்கும் வரும்.

வீட்டில் இருப்பது ஒரே போன், அது அவன் சட்டைப்பையில். உன் பேச்சை எடுத்தால் எழுந்து போகிறான். அதனால்தான் கடிதம்.

எனக்கு ஒன்று மட்டும் சொல் அம்மா. அந்த மணி அடிக்காமல் போக வழி உண்டா?

மாமா


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

உறையின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து, ஏதோ பள்ளிப் பிள்ளை விலாசம் மாற்றி அனுப்பிவிட்டது என்று நினைத்தேன். பிரித்துப் படித்ததும் அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அழவில்லை. சும்மா நின்றேன்.

எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதுகிறேன். படிக்கச் சிரமமாக இருந்தால் சொல்லுங்கள்.

விசாரணை முடியும்வரை இதைப் பற்றி யாரிடமும் போனில் பேசக்கூடாது என்று எங்கள் மேலாளர் சொல்லியிருக்கிறார். கடிதம் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. இந்தக் காலத்தில் யாராவது எழுதுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வழி இல்லை. இதை நான் மட்டும் சொல்லவில்லை. எங்கள் எண்களை எல்லாம் வாங்கி வெளி ஆய்வகம் ஒன்று சரிபார்த்துக் கொடுத்த அறிக்கை அது. குளிர் ஏற ஏறப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது. அறைச் சூட்டில்தான் கொஞ்சம் தடுமாறுகிறது. உறைந்த அறைக்குள் மாட்டும் பெட்டிக்கு அறைச் சூடு எங்கிருந்து வரும்? அதனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும் என்று தெரிந்துதான் நான் அந்தச் சர்க்யூட்டில் தனியாக ஒரு பகுதியைச் சேர்த்து வரைந்தேன். அது வேலை செய்கிறது, மாமா. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அது.

உங்கள் மகனிடம் நான் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீங்க இடத்துல இருந்தீங்களா?" அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அந்தக் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். மனைவி என்பதால் நான் மட்டும் கேட்கக்கூடாதா?

அத்தையிடம் சொல்லுங்கள், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 18

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை ஒரே மூச்சில் படித்தேன் என்று சொல்ல ஆசை. மூன்று மூச்சு ஆயிற்று. இரண்டு இடத்தில் டீச்சரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். குடும்ப விஷயம் என்று நானே முட்டி மோதிப் படித்துவிட்டேன்.

யார் வேண்டுமானாலும் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாய். அதுதானம்மா அவனுக்கு வலி. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். நீ யாரோ இல்லையே.

கோபித்துக்கொள்ளாதே. உன் அறிக்கையை நான் பொய் என்று சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் இழுக்கும்போது மூன்றாவது ஆளையும் கேட்க வேண்டாமா? அதனால் சுருட்டையைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் 'புண் கட்டும் இடம்' என்று எழுதிய பலகையை நானே படித்து, யாரிடமும் வழி கேட்காமல் போய்ச் சேர்ந்தேன்.

கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும், "வாங்க பெரியவரே. மகனுக்காகத் தூது வந்தீங்களா?" என்றான்.

"இல்லடா, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"உங்க மகன் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்லமாட்டேன். அவர் மேசையில இருந்தாரா, வீட்டுக்குப் போய்த் தூங்கினாரா, கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"பொத்தானை அமுக்கினியா?"

"அமுக்கினேனாவா? சுவரு அந்தப் பக்கம் போற மாதிரி அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள்ள டிக்னு ஒரு சத்தம். அப்புறம் டிக்டிக்டிக்டிக்னு, பல்லு தந்தியடிக்கிற மாதிரி. எனக்குத்தான் குளிருதுன்னா இந்தச் சனியனுக்கும் குளிருது போலன்னு நினைச்சேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன், பிறகு வெட்கமாக இருந்தது. விசாரணைக்காரர்களிடமும் இதைச் சொன்னானாம். குளிரில் காதுக்கு என்னென்னவோ கேட்கும் என்று எழுதிக்கொள்ளாமல் விட்டுவிட்டார்களாம்.

டிக்டிக் என்பது உனக்கு ஏதாவது பொருள் தருமா? தராவிட்டால் விட்டுவிடு. கிழவன் காசு செலவழித்து ஆஸ்பத்திரி பார்த்துவிட்டு வந்தான் என்று வைத்துக்கொள்.

மாமா


மார்ச் 25

மாமா,

நலம் விசாரிக்கவில்லை, மன்னியுங்கள்.

அந்த டிக்டிக் சத்தத்தை நான் காதால் கேட்டதில்லை. ஆனால் பார்த்திருக்கிறேன். மணியை இழுத்துப் பிடிக்கும் சிறு சுவிட்ச் ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது. பேட்டரியில் தெம்பு இல்லை என்றால் அது இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும், விடும். பிடித்து நிற்காது, மணியும் அடிக்காது. கணினியில் அது ரம்பத்தின் பல் மாதிரி ஒரு கோடாகத் தெரியும். ஆய்வகத்தின் அறிக்கையில் அந்த ரம்பப் பல் படம் இருக்கிறது. எந்தத் தலைப்பின் கீழ் தெரியுமா? அறைச் சூடு.

உறைந்த அறையில் இருந்த பெட்டி, கதகதப்பான அறையில் மட்டும் செய்ய வேண்டியதை எப்படிச் செய்தது? இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. புரிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். சர்க்யூட்டைக் கணினியில் வரைவோம். பிறகு குளிரை மட்டும் மாற்றி மாற்றி அதே சர்க்யூட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். இதை ஸ்வீப் என்போம். எங்கள் அலுவலகத்தில் எப்போதும் அறைச் சூட்டில் தொடங்குவோம். மேசையில் இருக்கும் நிஜப் பெட்டியோடு முதல் ஓட்டத்தை ஒப்பிட வசதி என்பதால். அதிலிருந்து படிப்படியாக இறங்கிக் கடைசியில் கடுங்குளிருக்குப் போவோம். எல்லாம் முடிந்ததும் எண்களை ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.

ஒவ்வொரு ஓட்டத்தின் எண்களுக்கும் மேலே மென்பொருள் தானாக ஒரு வரி போடும், இது எந்தக் குளிரில் ஓட்டியது என்று. ஆய்வகத்து மென்பொருளுக்கு எண்களுக்கு நடுவே எழுத்து வந்தால் ஆகாது, நின்றுவிடும். அதனால் அனுப்புவதற்கு முன் அந்த வரிகளை அழித்துவிடுவோம். 'சுத்தம் செய்வது' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். இந்த ஃபைலைச் சுத்தம் செய்தது நான், எந்த ஓட்டத்தின் படத்தையும் பார்க்காமலே.

கிடங்கில் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை எல்லாம் கிழித்துவிட்டு லாரியில் ஏற்றி அனுப்பினால் என்ன ஆகும்? இறக்குகிறவர் தன் வழக்கப்படி அடுக்குவார். அந்த ஆய்வகத்தின் வழக்கம் கடுங்குளிரில் தொடங்கி மேலே ஏறுவதாக இருந்தால், முதல் ஓட்டத்துக்குக் கடுங்குளிர் என்று பெயர் வைத்திருப்பார்கள். கடைசி ஓட்டத்துக்கு அறைச் சூடு. எல்லாம் தலைகீழ்.

குளிரில் பேட்டரி சுறுசுறுப்பாகிறது என்று ஓர் அறிக்கை வந்தால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. நான் சேர்த்த பகுதியின் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் உறுதி இல்லை. பழைய ஃபைலை எடுத்து, மறுபடி ஓட்டி, எதையும் அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து பார்க்க வேண்டும். அதற்கு மேலாளர் அனுமதி வேண்டும். அதுவரை உங்கள் மகனிடம் சொல்லாதீர்கள். நான் நினைப்பது தவறாக இருந்தால் அவர் இரண்டாவது தடவை உடைந்துபோவார். எனக்கும் பயமாக இருக்கிறது. இதே பெட்டி இன்னும் பல கிடங்குகளின் சுவரில் தொங்குகிறது.

மருமகள்


மார்ச் 31

அம்மா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கிடங்கு லாரிக்காரர் இன்று உங்கள் ஊருக்கு வருகிறார். பழைய சிநேகிதர், என்னோடு மூட்டை ஏற்றியவர். உன் கையில் கொடுத்துவிட்டுப் பதில் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். பக்கத்து வீட்டுப் போனில் உன்னைக் கூப்பிட்டுப் பார்த்தேன். தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை போல.

சீக்கிரம் எழுத வேண்டும் என்று நினைத்தால் எழுத்து இன்னும் மெதுவாக வருகிறது. பொறுத்துக்கொள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான். அத்தை விடுவாளா?

"என்னடா அது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு மடிச்சு மடிச்சு வைக்கிற?"

"வெள்ளிக்கிழமை விசாரணையில குடுக்கணும். அன்னைக்கு நான் மேசையில இல்லன்னு."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இருந்தியா, இல்லையா?"

"இருந்தேன்."

"அப்புறம் என்னடா உளர்ற?"

"நான் இருந்தேன்னா மணி அடிக்கலன்னு ஆகும். மணி அடிக்கலன்னா அவ வரைஞ்சது தப்புன்னு ஆகும். அவ கம்பெனி அவளை நடுத்தெருவுல விட்டுடும். எனக்கு என்ன, பெட்டி எண்ற வேலை எங்க போனாலும் கிடைக்கும். அவளுக்கு அது ஒண்ணுதான்."

"அவதான் உன்னை நம்பலையே!"

"நம்பலன்னா? அதுக்காக?"

அதற்கு மேல் ஒரு வாய் சாப்பிடவில்லை. கை கழுவப் போய்விட்டான்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டிக்டிக் சமாசாரம் முழுக்க என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லாதீர்கள் என்று நீ எழுதிவிட்டாயே. எழுதப் படிக்கக் கற்றதிலிருந்து முதல் தடவையாக, கற்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இன்னும் உறுதி இல்லை என்று எழுதினாய். உறுதியாகும்வரை வெள்ளிக்கிழமை காத்திருக்காது. வெள்ளிக்கிழமை காலை அவன் முதல் பஸ்ஸில் போய்க் கையெழுத்துப் போடுவான். நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது. ஒரு வரி போதும்.

மாமா


ஏப்ரல் 1

மாமா,

லாரிக்காரர் எதிரே வண்டியோடு நிற்கிறார். நிழலில் வந்து உட்காரச் சொன்னால் வண்டியை விட்டு வரமாட்டேன் என்கிறார்.

இப்போது உறுதி. நேற்று அனுமதி கேட்காமலே ஓட்டிப் பார்த்தேன். ஒரு வரியையும் அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்தேன். கடைசி ஓட்டத்தின் மேலே மென்பொருள் போட்ட வரி கடுங்குளிர் என்கிறது. அதன் கீழே ரம்பப் பல். மணி அடிக்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் மணி அடித்திருக்கவே முடியாது.

மேலாளரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"ஆய்வகம் தப்பா அடுக்கினதுக்கு நாம எதுக்குக் கழுத்தை நீட்டணும்? அங்க சூப்பர்வைசர்தான் ஒத்துக்கப்போறாராமே" என்றார்.

"அந்தச் சூப்பர்வைசர் யாருன்னு தெரியுமா சார்?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். வீட்டோட முடிச்சுக்குங்க."

உங்கள் கடிதம் கைக்கு வரும்வரை அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் மகன் ஒத்துக்கொள்ளப் போகிறார் என்றால், உண்மையிலேயே இடத்தில் இல்லைபோல என்று ஒரு கணம் நினைத்தேன். ஃபைலைக் கண்ணால் பார்த்த பிறகும் நினைத்தேன். இதை அவரிடம் மறைக்க வேண்டாம்.

கடிதத்தைப் படித்ததும் என் இருக்கைக்குப் போனேன். அந்த ஃபைலை எல்லா வரிகளோடும் விசாரணை அதிகாரிக்கும் ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். வரிகளை அழித்தது நான் என்று மேலே எழுதியிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இப்போது வாசலில் காவலாளியின் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவரிடம் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்தால் என் வேலை பிழைக்காது, அது போய்விட்டது. அவர் கையெழுத்துப் போட்டால் என் ஃபைலை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பெட்டிகள் எல்லாம் அப்படியே சுவரில் இருக்கும். இன்னொரு கிடங்கில் இன்னொருவர் அமுக்குவார்.

இன்னொன்றும் சொல்லுங்கள். இடத்தில் இருந்தாயா என்ற கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டியது அந்த ஃபைலிடம்.

ஹாரன் அடிக்கிறார்.


ஏப்ரல் 4

அன்பு மருமகளுக்கு,

லாரி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. வியாழக்கிழமை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை அவன் சட்டை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போதுதான் லாரிக்காரர் வந்து சேர்ந்தார்.

உறையைப் பார்த்ததும் உன் எழுத்து என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டினான்.

"குடுங்கப்பா, நான் படிச்சுக்கறேன்."

"இது எனக்கு வந்த லெட்டர்டா."

"பஸ் போயிடும்."

"போகட்டும். உட்காரு."

அத்தை கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். நான் வாய்விட்டுப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக, என் வேகத்தில். அவன் தவித்தான். எட்டிப் பார்த்தான், மடித்துப் பிடித்துக்கொண்டேன். 'ரம்பப் பல்' வந்தபோது, "என்னது, என்னது?" என்றான். பழைய கடிதத்தை எடுத்து அதையும் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. இவ்வளவு மெதுவாகப் படிப்பது எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒரு வார்த்தையும் தாண்டிப் போக அவனுக்கு வழி இல்லை.

"வீட்டோட முடிச்சுக்குங்க" என்று அந்த ஆள் சொன்னதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படித்தேன். ஒரு கணம் சந்தேகப்பட்டேன் என்று நீ எழுதியதையும் படித்தேன். அதை விட்டுவிடலாமா என்று ஓர் எண்ணம் வந்தது. மறைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டேன். அப்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் எழுந்தான். அத்தையைப் பார்த்து, "வழி விடும்மா" என்றான். அவ்வளவுதான். என்ன செய்யப் போகிறான் என்று சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை.

அன்று வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கவில்லை. சாயங்காலம் வந்தான். தண்ணீர் குடித்தான்.

"இருந்தேன்னு எழுதிக் குடுத்தேன். மணி அடிக்கலன்னும் எழுதினேன். அவங்ககிட்ட அவ ஃபைல் வந்திருக்கு. யாரும் திறக்காம இருந்தாங்க. என் எதிர்க்கத் திறக்கச் சொன்னேன்."

"திறந்தாங்களா?" என்று அத்தை கேட்டாள்.

"திறந்தாங்க" என்றான். பிறகு போய்ப் படுத்துவிட்டான்.

மாமா


ஏப்ரல் 18

அன்புள்ள மாமா,

ஆய்வகம் தன் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்கள் வழக்கம் நான் நினைத்த மாதிரியேதான் இருந்திருக்கிறது, கீழிருந்து மேலே. எல்லாக் கிடங்குகளிலும் பெட்டியைக் கழற்றும்வரை, உள்ளே ஆள் இருக்கும்போது கதவருகே ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

கம்பெனி என்னைத் திரும்பக் கூப்பிட்டது. பாசத்தால் அல்ல. அந்தச் சர்க்யூட்டைத் திருத்த வேறு ஆள் இல்லை. மேலாளர் என் பக்கம் பார்க்காமல், அவர் மேசைச் செடியிடம் பேசுவதுபோல என்னிடம் பேசுகிறார். திருத்திவிட்டேன். இந்த முறை எந்த வரியையும் அழிக்காமல் அனுப்பினேன். ஆய்வகத்து மென்பொருள் நின்றது. நிற்கட்டும், கையால் பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எல்லாக் குளிரிலும் மணி அடிக்கிறது.

முதல் பெட்டியை உங்கள் கிடங்கில் மாட்டக் கேட்டிருக்கிறேன். அங்கே இருப்பவர்கள் சம்மதிப்பார்களா?

உங்கள் மகன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. செய்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

மருமகள்


ஏப்ரல் 25

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தைக் கிடங்குக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கூட்டத்தில் படித்தது இதுதான் முதல் முறை. குரல் கொஞ்சம் ஆடியது, ஆனால் ஒரு பெருமைதான் போ!

சுருட்டையும் வந்திருந்தான். கட்டுப் பிரித்துவிட்டார்கள். நான் படித்து முடித்ததும், "எல்லாக் குளிர்லயும் அடிக்குதாமா? எங்க அடிக்குது? கம்ப்யூட்டர்லயா? அப்ப அந்தக் கம்ப்யூட்டரை உள்ள வெச்சுப் பூட்டுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"பெரியவரே, உங்க மருமககிட்ட எழுதுங்க. போன தடவையும் அடிக்கும்னுதான் சொன்னாங்க. வரைஞ்சவங்க உள்ள நிக்கட்டும். கதவைச் சாத்துவோம். அவங்களே அமுக்கட்டும். வெளிய கேட்டா நாங்க உள்ள போறோம்."

நம் பையன் மூலையில் நின்றான். "அதெல்லாம் வேணாம், நான் நிக்கறேன் உள்ள" என்றான். "நீ வரையலையே" என்று சுருட்டை சொல்லிவிட்டான்.

அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வரச் சொல்லவோ வேண்டாம் என்று சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை.

மாமா


ஏப்ரல் 30

மாமா,

சுருட்டை கேட்பது நியாயம். செவ்வாய்க்கிழமை வேனில் வருகிறேன். பெட்டியை முந்தின நாளே மாட்டிவிடுவார்கள், அது நன்றாக உறைய வேண்டும். நான் அமுக்குவதை உள்ளே விளக்கைத் தட்டிக் காட்டுவேன், கதவுக்கு மேல் இருக்கும் சிறு கண்ணாடியில் தெரியும். அந்த நொடியிலிருந்து மணி அடிக்கும்வரை எவ்வளவு நேரம் என்று வெளியே ஒருவர் போனில் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகனையே பார்க்கச் சொல்லுங்கள். மேசைக்குப் பொறுப்பு அவர்தான்.

மருமகள்


மே 6

அன்பு மருமகளுக்கு,

வேன்காரர் அவசரப்படுத்தியதால் நேற்று நீ வீட்டுக்கு வராமலே போய்விட்டாய். அத்தைக்கு இன்னும் ஆறவில்லை. அவளை நான் சமாளித்துக்கொள்கிறேன். நேற்று நீ கோபமாகத்தான் போனாய். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த உனக்கு இந்தப் பக்கம் நடந்தது தெரியாது. அதை எழுதத்தான் காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தடிமனான கோட்டைப் போட்டுக்கொண்டு நீ உள்ளே போனாய். கதவைச் சாத்தியது சுருட்டை, அந்தக் கையால்தான். நம் பையன் ஒரு கையில் போனைப் பிடித்திருந்தான். இன்னொரு கை கதவுப் பிடியில் இருந்தது. வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கவில்லை, தானாகப் போய்விட்டது.

சுருட்டை பார்த்துவிட்டான். "கையை எடுப்பா" என்றான்.

"சும்மா வெச்சிருக்கேன்."

"எடு. மணி அடிச்சப்புறம் திற. எனக்கு யாரும் அப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கல."

அவன் கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தோளில் வைத்தான். நீ உடனே அமுக்கவில்லை. ஏன் அம்மா அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாய்? பெட்டி இன்னும் கொஞ்சம் உறையட்டும் என்றா? அல்லது சுருட்டை நின்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்றா? என் தோள் எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன், கண் சிமிட்டாமல் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு விளக்கு மினுங்கியது. மணி அடித்தது. அடித்து முடிக்கும் முன்பே அவன் கதவைத் திறந்துவிட்டான். சுருட்டை தலையை ஆட்டினான், கிடங்கு ஆட்கள் கையுறையை எடுத்து மாட்டத் தொடங்கினார்கள்.

நீ வெளியே வந்ததும் கேட்டாய், "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"சரியாத்தான் அடிச்சுது" என்றான்.

"எத்தனை செகண்டுன்னு கேட்டேன்."

"பார்க்கல."

உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். இத்தனை தூரம் வந்து, உறைந்த அறையில் நின்று, ஒரே ஓர் எண்ணை இவனை நம்பிக் கேட்டேனே என்று நினைத்திருப்பாய். உன் தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வேனில் ஏறிவிட்டாய்.

நீ போன பிறகு அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன். நேரம் ஓடவிடும் பொத்தானுக்குப் பக்கத்தில் அவன் கட்டை விரல் ரேகை வியர்வையோடு இருந்தது. அவன் அதை அமுக்கவே இல்லை. பூஜ்யத்தில் நின்றிருந்தது.

அந்த எண் உனக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் மறுபடி வந்து உள்ளே நில். நேரம் பார்க்க மட்டும் வேறு ஆளை வை.

மாமா